அமெரிக்க மில்லில் புளிச்சோறு

போன புதன்கிழமை மூன்றாவது பீரியட். அமெரிக்கப் பெண்கள் வரலாற்றில் நூற்பாலைப் பெண்கள் பாடம். நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், அமெரிக்காவுல அந்தக் காலத்துல புளிச்சோறா சாப்பிட்டாக?"

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அகரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண், எதையும் சும்மா விடமாட்டாள். கையிலிருந்த ஜெராக்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தாள். "ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கொண்டுவரும் புளிச்சோற்றை வார்டன் கிளறிப் பார்த்த பிறகே விடுதிக்குள் அனுமதிப்பார்." அச்சில் இருந்தாலும் அது நீ எழுதிய வரி. அட்டையைத் திருப்பினேன். நம் துறைத் தலைவர் பெயர். பின்னாலேயே அவருடைய பட்டங்கள், ஒரு வரி கொள்ளாமல்.

அவர் மேல் கோபம், என் மேல் கோபம், உன் மேலும்தான். செத்து இரண்டு வருஷம் ஆனவள் மேல் என்ன கோபம் என்று கேட்காதே. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எம்.ஏ. சேர்ந்த முதல் வாரம் உன்னை நான் அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிட நாலு வயது மூத்தவள் நீ. பிளஸ் டூ முடித்ததும் வேடசந்தூர் ரோட்டு மில்லில் விடுதியில் தங்கி மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, அதற்கப்புறம் வீட்டில் சண்டை போட்டுக் கல்லூரிக்கு வந்தவள். "அக்கான்னு கூப்பிட்டா அடிப்பேன். பேரு சொல்லு. மூணு வருஷமா என்னைய நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டாக" என்றாய். அதிலிருந்து நான் உன்னைப் பெயர் சொல்லாமல் கூப்பிட்டதே இல்லை.

அமெரிக்கப் பெண்கள் வரலாற்றுக்கு லைப்ரரியில் ஒரே ஒரு புத்தகம். ஆங்கிலம், தலையணை கனம், வீட்டுக்குத் தரமாட்டார்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தமிழ் மீடியம். நான் கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் வாசித்து அர்த்தம் சொல்வேன், நீ தமிழில் எழுதுவாய். கல்யாணம் ஆனதும் சட்டத்தின் கண்ணில் அந்தக் காலத்து அமெரிக்கப் பெண் தனி ஆளே இல்லை, எல்லாம் புருஷனுக்குள் அடக்கம் என்று நான் வாசித்தபோது, பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாய்: "அவளுகளுக்கு ஆளே இல்லாமப் போச்சு. நமக்கு இன்ஷியல் மட்டும் மாறுது. பெரிய வித்தியாசந்தான் போ."

பிறகு மில் பாடம் வந்தது. பண்ணைகளிலிருந்து வந்த இளம்பெண்கள், விடுதி, மணியடித்தால் எழுந்து மணியடித்தால் படுக்கும் வாழ்க்கை. "ஏ, திரும்பப் படிடி" என்றாய். திரும்பப் படித்தேன். "இது எங்க மில்லேதான்டி!" கூலியைக் குறைத்தபோது அந்தப் பெண்கள் தறியை விட்டுவிட்டுத் தெருவில் ஊர்வலம் போனார்கள் என்று வாசித்ததும் உன் முகம் மாறிவிட்டது. "நாங்க பாத்ரூம்ல அழுததோட சரி." அதன்பின் நான் வாசிப்பதற்குக்கூட நீ காத்திருக்கவில்லை. இருமிக்கொண்டே எழுதினாய். மில் பஞ்சு நெஞ்சுக்குள் உட்கார்ந்துவிட்டது என்பாய் நீ. டாக்டர் ஆஸ்துமா என்பார்.

எழுதி முடித்ததை நான் வாசித்துப் பார்த்தேன். புளிச்சோறு! "அமெரிக்காவுல ஏதுடி புளிச்சோறு?" நீ தலையில் அடித்துக்கொண்டாய். "அய்யய்யோ, எங்க வார்டனை எழுதிட்டேன்டி. எங்கம்மா கொண்டாந்த சோத்தைக் கரண்டி விட்டுக் கிளறுவா, உள்ள செல்போன் இருக்கான்னு." லைப்ரரியன் வெளியே போகச் சொல்லும் வரை சிரித்தோம். அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டாய், அப்புறம் அடித்துவிடலாம் என்று. அதற்குள் நோட்டு துறைத் தலைவர் கைக்குப் போய்விட்டது. "நல்லா எழுதியிருக்கம்மா, பாத்துட்டுத் தாரேன்."

அவர் தரவே இல்லை. நீ கல்யாணமாகி ஒட்டன்சத்திரம் போன மறு வருஷம் அது புத்தகமாக வந்தது. முன்னுரையில் தன் மனைவியின் பொறுமைக்கு நன்றி சொல்லியிருந்தார். உனக்கு ஒரு வார்த்தை இல்லை. வெளியீட்டு விழாவில் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றியவள் நான். நான்தான்! அப்போது என் பிஎச்.டி. அவரிடம். பெண்களின் உழைப்பு எப்படிக் கணக்கில் வராமல் போகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன், கேள்.

நீ போன் பண்ணினாய். உன் வீட்டுக்காரரின் காய்கறி மண்டியில் கேரளா லோடு ஏற்றும் சத்தம் பின்னால் கேட்டது. உன் முதல் கேள்வி, "அந்தப் புளிச்சோறு இருக்கா?" இருக்கிறது என்றேன். இருமல் வரும் வரை சிரித்தாய். "அப்ப மனுசன் படிச்சே பாக்கலை." இருமல் அடங்கியதும், "நீ அவருகிட்ட ஏதாச்சும் கேட்டியா?" என்றாய்.

"என் தீசிஸ் அவர் டேபிள்ல கெடக்குடி."

"செரி, விடு. நீயாச்சும் டாக்டராகு."

இதுதான் உன் மேல் எனக்குள்ள கோபம். ஏன் விடு என்றாய்? நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் சுரணை வந்து போய்க் கேட்டிருப்பேன். நீ பெருந்தன்மையாக இருந்தாய், நான் அதற்குள் சௌகரியமாகப் பதுங்கிக்கொண்டேன். நம் கல்லூரியிலேயே வேலைக்குச் சேர்ந்து, எட்டு வருஷம் அதே புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு அதே பாடத்தை நடத்தினேன். அந்தப் பக்கம் வந்தால் தாண்டிப் போய்விடுவேன்.

நீ இறந்த அன்று மார்க்கெட் சுவர் முழுக்கப் போஸ்டர். காய்கறி மண்டி உரிமையாளர் இன்னாரின் துணைவியார் என்று உன் கணவர் பெயர் கொட்டை எழுத்தில். உன் பெயர் கீழே, அவர் இன்ஷியலோடு, பசை வழிந்து பாதி மறைந்து. எம்.ஏ. என்ற இரண்டெழுத்துக்கு அதில் இடமில்லை. பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். "பொம்பளைக்கு எதுக்குங்க படிப்பெல்லாம் போட்டுக்கிட்டு?" என்றார் மரியாதையாகவே.

புதன்கிழமை சாயங்காலம் துறைத் தலைவருக்குப் போன் பண்ணினேன். ஓய்வுபெற்றுவிட்டாலும் பாடத்திட்டக் குழுவில் இன்னும் அவர்தான். அவரை மீறி எனக்கு அங்கே ஒன்றும் நகராது. "சார், உங்க புத்தகத்துல அமெரிக்க மில்லுல புளிச்சோறு வருதே, அது எங்கேருந்து எடுத்தீங்க?"

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "அட, ஆமா. அச்சுப்பிழையா இருக்கும்மா."

"அது பிழை இல்ல சார். அவ தின்ன சோறு. அந்த நோட்டு யாருதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "போய்ச் சேந்த பொண்ணைப் பத்தி இப்ப எதுக்கும்மா? நல்ல வேளை சொன்ன. அடுத்த பதிப்புல அந்த வரியை எடுத்துருவோம்."

எடுத்துவிடுவாராம்! அந்தப் புத்தகம் முழுவதிலும் நீ மிச்சம் இருப்பது அந்த ஒரு வரியில். அதையும் வழித்துப் போட்டுவிட்டால் அவர் சுத்தம். "எடுத்தா நான் எல்லாருக்கும் சொல்லுவேன் சார். எடுக்காட்டியும் சொல்லுவேன்" என்று போனை வைத்தேன்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை. சத்தமாக வாசித்தேன். இது அமெரிக்கா இல்லை, வேடசந்தூர் ரோடு என்றேன். எழுதியது யார், எழுதியவளிடமிருந்து நோட்டை வாங்கியது யார், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது யார், மூன்றையும் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ, நினைக்கட்டும்.

அகரத்துப் பெண் பேனாவை எடுத்தாள். அட்டையில் இருந்த பெயரைக் குறுக்கே அடித்துவிட்டு உன் பெயரைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இந்த மடலில் அதை நான் எழுதவில்லை, உன் பெயர் உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குத்தான் அன்று சொல்ல வேண்டியிருந்தது.

"இன்ஷியல் என்ன மேடம் போடணும்?"

உன் அப்பா எழுத்தா, உன் கணவர் எழுத்தா? லைப்ரரியில் நீ பேனாவை மூடிவைத்தது ஞாபகம் வந்தது.

"இன்ஷியல் வேணாம். பேரை மட்டும் போடு. பின்னாடி எம்.ஏ. போடு."

முப்பத்தொரு பேரும் எழுதினார்கள். கடைசியாக என் பிரதியில் நான் எழுதினேன், எட்டு வருஷம் கழித்து.