பழைய அச்சு டாங்கியும் அப்பாவின் வலது கையும்

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இரண்டு பேரும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாலும் உன் அப்பா பின்னாலேயே வந்து யாரு, பையனா என்று நிற்கிறார். அவரைப் பற்றி அவர் காதுபட எப்படிப் பேசுவது. அதனால்தான் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

உன் செய்தியைப் படித்தேன். அப்பாவுக்கு அனுப்பிய, துண்டு துண்டாக ஒட்டிக் கட்டுகிற பொம்மைப் போர் டாங்கிப் பெட்டியில் இருப்பது நீ பிறப்பதற்கு முன்னாலேயே செய்த அச்சாம், மேலே புதுப் படம் போட்டு மறுபடி விற்கிறார்களாம், தெரியாமல் வாங்கிவிட்டேன், அதை ஓரமாக வைத்துவிடுங்கள், ஆயிரம் துண்டு இருக்கிற புது டாங்கியாகப் பார்த்து அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். அனுப்பாதே. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி. போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு வந்த அந்த லேசான பக்கவாதத்துக்குப் பிறகு கால் சரியாகிவிட்டது, பேச்சும் சரியாகிவிட்டது, பேச்சு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் கழித்துச் சரியாகியிருக்கலாம். வலது கைதான் நடுங்குகிறது. பிசியோதெரபி பெண் கொடுத்த ரப்பர்ப் பந்தை அமுக்கச் சொன்னால், நான் என்ன பச்சைக் குழந்தையா என்று சோபாவுக்கு அடியில் உருட்டிவிடுகிறார். யாராவது வீட்டுக்கு வந்தால் டீயே குடிப்பதில்லை, கோப்பை ஆடுவதை அவர்கள் பார்த்துவிடுவார்களாம். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. நீங்கள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்று நான் சொன்ன அன்று, வரட்டும், கண்ணால பாத்துக்கறேன், என் கையில மட்டும் குடுக்கச் சொல்லாத, கீழ போட்டுட்டேன்னா அப்புறம் நான் இருந்து என்ன பிரயோஜனம் என்றார். துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்து காலமெல்லாம் இரும்பை டன் கணக்கில் தூக்கிப் பூப்போல இறக்கிவைத்த மனிதர். மருமகளிடம் இதைச் சொல்லாதே, தாத்தாவுக்குப் பிள்ளை மேல் ஆசையில்லை என்று தப்பாக நினைத்துவிடுவாள்.

உன் பெட்டி வந்து அலமாரி மேல் அப்படியே கிடந்தது. பிரிக்கக்கூட இல்லை. அப்போது உன் சித்தப்பா வந்தார். அவருக்குத்தான் இந்தப் பொம்மை டாங்கி கட்டுகிற கிறுக்கு ஊரறிந்ததாயிற்றே, நெற்றியில் பல் டாக்டர் மாதிரி பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார், பழைய கள்ளு, புது மொந்தை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அப்புறம் ஆரம்பித்தார் பார், குற்றப்பத்திரிகை. அடியில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதாம், அந்தக் காலத்தில் மோட்டார் வைத்து ஓடவிடுவதற்காக விட்டது, இப்போது மோட்டாரும் இல்லை, ஓட்டை மட்டும் மிச்சம். டாங்கி மேல் மாட்டியிருக்கிற மண்வெட்டியும் கோடரியும் தனித் துண்டாக இல்லை, அதன் உடம்போடு சேர்த்து வார்த்திருக்கிறதாம். அச்சு தேய்ந்து ஓரமெல்லாம் பிசிறு. சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற சங்கிலிப் பட்டை ஒவ்வொரு கண்ணியாகக் கோக்கிறதாக இல்லாமல் ரப்பர் பெல்ட் மாதிரி ஒரே நீளமாம். இதைக் கட்டறதுக்கு நீ சும்மாவே இருக்கலாம் அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பாவைத்தான் தெரியுமே, போ என்றால் நிற்பார், நில் என்றால் போவார். தம்பி தலை மறைந்ததும் அந்தப் பெட்டியை மேஜை மேல் எடுத்து வைத்தார். அன்றைக்குத்தான் நான் உன் சித்தப்பாவை முதல்முறையாக மனதார வாழ்த்தினேன்.

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எனக்கு டாங்கியும் தெரியாது, சண்டையும் தெரியாது, உன் அப்பாவோடு போட்டதைத் தவிர. ஆனால் அந்தப் பழைய அச்சைச் செய்தவன் கெட்டிக்காரன். துண்டுகள் கொஞ்சம்தான், ஒவ்வொன்றும் விரலுக்குப் பிடி கிடைக்கிற அளவு. கீழே விழுந்தால் நான் பெருக்கும்போது விளக்குமாற்றில் மாட்டும், தொலைந்து போகாது. சித்தப்பா வீட்டில் புது டாங்கித் துண்டுகளைப் பார்த்திருக்கிறேன், எறும்புக்கால் மாதிரி இருக்கும், அவரே ஒன்றைத் தேடித் தரையில் தவழ்வார். அதை உன் அப்பா கையில் கொடுத்திருந்தால் அன்றைக்கே ஜன்னல் வழியாகப் பறந்திருக்கும். இதில் எந்தத் துண்டு எங்கே உட்கார வேண்டுமோ அங்கே போய்த் தானாக உட்கார்ந்தது, கை கொஞ்சம் ஆடினாலும் பள்ளம் அதைப் பிடித்துக்கொண்டது. மேல்பாதியை அடிப்பாதி மேல் வைத்தபோது டக்கென்று ஒரு சத்தம், உன் அப்பா என்னைக் கூப்பிட்டு, கழற்றி, மறுபடி ஒருமுறை வைத்துக் காட்டினார். எத்தனையோ வருடத்துக்கு முன்னால செஞ்சிருக்கான், இன்னும் இம்மி பிசகல பாரு என்றார். பிசிறு இருந்தது உண்மைதான். அதைச் சுரண்ட அவருக்கு நகவெட்டியில் இருக்கிற அரம் போதுமாக இருந்தது, பந்தை அமுக்க மாட்டேன் என்ற விரல் காலையிலிருந்து சாப்பாட்டு நேரம் வரைக்கும் சுரண்டியது. பயிற்சி என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார்.

அடியில் இருக்கிற மோட்டார் ஓட்டைகளை எதை வைத்து அடைத்தார் தெரியுமா, தன் பழைய துறைமுக அடையாள அட்டையை வெட்டி. பிளாஸ்டிக், மெல்லியது, கச்சிதமாக இருக்கும் என்றார். மனசுக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன், டிராயரில சும்மாத்தானே கிடந்துச்சு, வேலைக்கு ஆகட்டும் என்று சொல்லிவிட்டார். போட்டோ இருக்கிற பக்கத்தை உள்பக்கமாக வைத்து ஒட்டியிருக்கிறார், அந்தப் பெரிய மீசையோடு இப்போது டாங்கிக்குள்ளே உட்கார்ந்திருக்கிறார் உன் அப்பா.

எல்லாம் ஒழுங்காகப் போனது, சங்கிலிப் பட்டையில்தான் வந்தது வினை. பட்டையின் இரண்டு முனையையும் சேர்க்க வேண்டும். இவர் மற்ற துண்டுக்குப் போட்ட அதே பசையைப் போட்டார், ஒட்டவில்லை, இன்னும் போட்டார், புட்டியே காலி, அது வேறு மாதிரி ரப்பராம், அந்தப் பசை அதில் பிடிக்கவே பிடிக்காதாம். சித்தப்பாவுக்குப் போன் போட்டு நான்தான் கேட்டேன், ஸ்க்ரூ டிரைவரைச் சூடு பண்ணி முனையில இருக்கிற சின்னக் குமிழ்களை லேசா அமுக்குங்க அண்ணி, உருகிப் பிடிச்சுக்கும் என்றார். லேசாக அமுக்குவதற்கு உன் அப்பாவின் கை லேசாகவா இருக்கிறது. நடுங்குகிற நடுக்கத்தில் குமிழ் மொத்தமும் கருகி முனையோடு போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாத்தியா, இந்தக் கையிலதான் பிள்ளையைக் குடுக்கச் சொல்ற என்றார். நானும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் எத்தனை மண்டைக்குத் தையல் போட்டவள், இந்தப் பட்டைக்குப் பயப்படுவேனா. கறுப்பு நூலையும் ஊசியையும் கொண்டுவந்து உட்கார்ந்தேன். எனக்கு ரெண்டு கையும் வேணும், நீங்க முனையைச் சேர்த்துப் பிடிங்க, ஆட்டினா ஊசி உங்க விரல்லதான் ஏறும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது என்றேன். முனகிக்கொண்டே வலது கையால் பிடித்தார். முதல் தையலுக்கு ஆடியது. என் விரலில் குத்திவிடுமோ என்று நினைத்தாரோ என்னவோ, அடுத்ததிலிருந்து ஆடவில்லை. நான் வேண்டுமென்றே மெதுவாகத் தைத்தேன். முடிச்சுப் போட்ட பிறகும் நூலை வெட்டாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், அவர் கை அப்படியே நின்றது, அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தையலை மேல்பக்கம் மட்கார்டுக்கு அடியில் தள்ளி மறைத்துவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஏதோ புத்தகத்தை வைத்து அளந்து பார்த்தார். சக்கரம் ஒரு நூல் குறுகல் என்றார், அப்புறம் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, உருவம் அப்படியே இருக்கு அண்ணே, தப்பே சொல்ல முடியாது, பட்டையை எப்படிச் சேர்த்தே என்றார். அது தொழில் ரகசியம் என்று உன் அப்பா மீசையைத் தடவினார். பாவம் உன் சித்தப்பா, அவருடைய ஆயிரம் துண்டு டாங்கி அரைச் சங்கிலியோடு அலமாரியில் தவம் கிடக்கிறது. ஆகவே பழைய அச்சு கட்டத் தகுந்ததா என்று நீ இனி யாரிடமும் கேட்க வேண்டாம், அம்மா சொல்கிறேன், தகும். இன்னொன்று அனுப்புவதென்றால் அதே மாதிரி பழையதாகப் பார்த்து அனுப்பு.

நேற்று நான் கடைக்குப் போய்த் திரும்பினேன். உன் அப்பா கூடத்தில் மெதுவாக நடந்துகொண்டிருந்தார், வலது கை மடிப்பில் துண்டு சுற்றிய ஒரு மூட்டை, இடது கை அடியில் தாங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் மேஜை மேல் வைத்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் நம் சர்க்கரைப் பை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படி வாசலில் வந்து நின்று, பாப்பா இப்ப எத்தனை கிலோ இருக்கும்னு கேட்டு எழுது, நான் கேட்டேன்னு எழுதாத என்றார்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், பிள்ளையின் காதைக் காற்றுப் படாமல் மூடிக்கொண்டு வாருங்கள். பேத்தியின் எடையை உடனே எழுது, நான் கேட்டதாகவே இருக்கட்டும். கொஞ்சமும் குறைத்து எழுதிவிடாதே, சர்க்கரை இன்னும் ஒரு பை வாங்க வேண்டுமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா