பதினாலு மாத்திரையும் ஒரே ரத்தமும்

ஜூன் 3
மலேரியாதான். கிளினிக்கில் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். "இந்த மாத்திரை உங்க உடம்புக்கு ஒத்துக்குமான்னு பார்க்கணும்" என்றாள் நர்ஸ். ஒத்துக்கொள்ளாத மாத்திரையை எதற்கு வைத்திருக்கிறார்கள்? எடுத்த ரத்தத்தை என்னதான் செய்கிறார்களோ. கடைசியில் ஒத்துக்கும் என்றார்கள். பதினாலு நாள், தினம் ஒன்று, சாப்பிட்ட பிறகு.

ஜூன் 6
காய்ச்சல் விட்டது. இன்னும் எதற்கு மாத்திரை? நர்ஸ் போனில், "கிருமி ஈரல்ல ஒளிஞ்சிருக்கும் சார், பாதியில நிறுத்தாதீங்க. யூரின் என்ன நிறத்துல போகுது?" நான் என்ன பெயின்ட் கடையா நடத்துகிறேன்?

முன் அறையில் அண்ணன் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான். லாரி ஓட்டிய அலுப்பாம்.

ஜூன் 8
ஆறு விழுங்கியாயிற்று. அட்டையில் எட்டு இருக்க வேண்டும். ஆறுதான் இருக்கிறது! பணிமனை ஸ்டோரில் நட்டு போல்ட்டைக்கூட எண்ணிக் கொடுப்பவன் நான், எனக்கா தப்பும்? மனைவியைக் கேட்டேன். "உங்க சந்தேகத்துக்குத்தான் இன்னும் மாத்திரை கண்டுபிடிக்கல" என்று சிரித்தாள். ஏன் சிரித்தாள்?

ஜூன் 9
மறுபடியும் ஒன்று குறைகிறது. அவள்தான். அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஜூன் 10
காலையில் அண்ணன் பாத்ரூமிலிருந்து வந்தான். தண்ணீர் ஊற்றவில்லை. பால் சேர்க்காத டீ நிறம். நர்ஸ் கேட்ட நிறம் இதுதானா?

அவன் கண்ணெல்லாம் மஞ்சள். உலுக்கிக் கேட்டேன். "எனக்கும் அதே காய்ச்சல்தான்டா. உனக்கு அந்த மாத்திரை கேட்டுச்சுல்ல, அதான் எடுத்துக்கிட்டேன். நமக்கு ஒரே ரத்தம்தானே, தனியா எதுக்கு டாக்டரு?"

மூணு மாத்திரை. ஐயோ, இவன் ரத்தத்தை யாரு சோதிச்சா?

ஜூன் 11
பெரிய ஆஸ்பத்திரி. அந்த மாத்திரை அவன் ரத்த அணுக்களை உடைக்கிறதாம். நான் முணுமுணுத்தேனே, அந்தச் சோதனை செய்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். மலேரியா வந்தவர் கொடுக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். ஒரே ரத்தம்! முகம் தெரியாத யாருடையதோ ஏறுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 12
மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "எழுதிக் கொடுங்க" என்றாள்.

ஜூன் 16
கடைசி மாத்திரை. குறைந்த மூன்றையும் நடந்ததைச் சொல்லி கிளினிக்கில் வாங்கியிருந்தேன். நர்ஸ் திட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 19
அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். அவனுக்கு அந்த மாத்திரை ஆகாது என்று எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கிறது. பாத்ரூம் கதவைத் தட்டினேன். "அண்ணா, என்ன நிறம்?"

"தண்ணி மாதிரிதான்டா. போ."

"ஊத்தாதே. நான் பார்க்கணும்" என்றேன்.