பூச்சி கட்டிய கரை

3.8.2008, ஞாயிறு
பின்சுவருக்கு அடியில் இன்னும் ஒரு முழம் மணல் கால்வாய்க்குள் சரிந்துவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம்தான் எங்கள் தறி. ஐப்பசி மழைக்குச் சுவர் நிற்காது. விழுந்தால் திரும்பக் கட்டவும் முடியாது. இது கோயில் மனை. சிமெண்ட் போட்டுப் புதுசாக எதுவும் எழுப்பக் கூடாது. கோயில் ஆபீஸ் கலியாணசுந்தரத்தைப் போன வருஷமே கேட்டாயிற்று, முடியாது என்று சொல்லியாயிற்று.

அண்ணன் மகள் தேவிப்ரியா சென்னையில் இன்ஜினியரிங் ஆராய்ச்சி படிக்கிறாள். இன்று இரண்டு கேனோடு வந்து இறங்கினாள். உள்ளே கிருமியாம். மண்ணிலேயே இருக்கிற ஜாதிதானாம். யூரியாவும் கால்சியம் உப்பும் கரைத்து ஊற்றினால், யூரியாவைத் தின்னுமாம். சுண்ணாம்பு உண்டாகி மணலோடு மணல் ஒட்டிக்கொள்ளுமாம்.

"சிமெண்டே வேணாம் அத்தை."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "பூச்சி வந்து சுவரைத் தாங்கப் போவுதா? நல்லா இருக்குது போ."

எனக்கு வந்ததே கோபம்! மணலைப் பிடித்துச் சிவனாக்கி, வெள்ளம் வந்தபோது விடாமல் கட்டிக்கொண்டவள் காமாட்சி. அவள் ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பேச்சா?

8.8.2008, ஆடி வெள்ளி
பாவி நான். தேவி கரையில ஊத்த ஆரம்பிச்சதுலேர்ந்து நாலு நாளா பின்னாடி ஒரே மூத்திர நாத்தம். கிருமி வேலை செய்தால் அப்படித்தான் நாறும் என்று தேவி சொல்லித்தான் இருந்தாள். ஆனா மாவிளக்கு போடற நாள், இந்த நாத்தத்துல எப்படிப் படைக்கிறது? விடியற்காலையில் அரை பாட்டில் பினாயிலைக் கலந்து பின்பக்கம் முழுக்கக் கழுவிவிட்டேன்.

தேவி எழுந்து வந்து மோந்து பார்த்தாள். "அத்தை... எல்லாத்தையும் கொன்னுட்டியே."

அழுகிறாள். அது உயிர், உயிர் என்று நூறு தடவை சொன்னாளே! எனக்கு ஏன் உறைக்கல? படைக்கிற கையாலேயே — சீ.

9.8.2008
தேவியை பஸ் ஏற்றிவிட்டேன். "வருவியா கண்ணு?" என்றேன். காலிக் கேனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

24.8.2008, ஞாயிறு
வந்துவிட்டாள்! புதுக் கேனோடு. இந்தத் தடவை ஊற்றுவதெல்லாம் நான்தான், காலை மதியம் மாலை. வடிகிற தண்ணீரைக் கால்வாயில் விடக் கூடாதாம், குடத்தில் பிடிக்கிறேன். நாற்றம் தெருவுக்கே போகிறது.

பக்கத்து வீட்டு அம்சவேணி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "இன்னாக்கா, பின்னாடி மாட்டுக் கொட்டாய் வெச்சிக்கினு இருக்குறியா?"

"ஆமா. உன் கண்ணுக்குத் தெரியாத மாடு. பால் கறந்தா குடுத்தனுப்பறேன்."

2.9.2008
கலியாணசுந்தரம் வந்தார். சாவியால் கரையைச் சுரண்டினார்.

"கல்லாட்டம் இருக்குதே. யாரைக் கேட்டுமா கட்டுன?"

"நான் கட்டலீங்க. பூச்சி கட்டுச்சு. நோட்டீஸை அதுங்க பேருக்கே குடுங்க."

வீட்டுக்காரர் பின்னாலிருந்து என் முந்தானையை இழுக்கிறார். வந்தவர் சிரிக்கவில்லை. சாயங்காலமே நோட்டீஸ் வந்தது, பெரியநாயகி என்று என் பேருக்குத்தான். மூன்று மாதத்துக்குள் கட்டியதை அகற்ற வேண்டும், இல்லையென்றால் மனையைக் காலி செய்ய வேண்டும்.

எதை அகற்றுவது? மண்ணையா?

4.9.2008
பதில் நானே எழுதினேன். அஞ்சாங்கிளாஸ் கையெழுத்துதான், இருக்கட்டும். 'ஐயா, இதில் சிமெண்ட் இல்லை, செங்கல் இல்லை, ஜல்லி இல்லை. கோயில் மணல் கோயில் மனையிலேயே இருக்கிறது. அது கால்வாயில் போய்க்கொண்டிருந்தபோது ஏன் நோட்டீஸ் வரவில்லை?'

கடைசி வரியை அடித்துவிடச் சொன்னார் இவர். அடிக்கவில்லை.

27.11.2008, வியாழன்
மூன்று நாளாக விடாத மழை. கரண்ட் இல்லை. அம்சவேணி வீட்டுப் பின்கரை சரிந்து, குளியலறை அப்படியே கால்வாய்க்குள் போய்விட்டது. உள்ளே ஆள் இல்லை, தாயே, உன் புண்ணியம். எங்கள் கரையில் தெற்கு மூலை இரண்டு சாண் கரைந்திருக்கிறது. மற்றது அப்படியே இருக்கிறது. சுவரில் கீறல்கூட இல்லை. அம்சவேணியும் பிள்ளைகளும் எங்கள் தறி ஓரமாகப் படுத்திருக்கிறார்கள்.

29.11.2008, சனி
மழை விட்டது. சேதம் பார்க்கக் கலியாணசுந்தரம் வந்தார். அம்சவேணி வீட்டுப் பின்பக்கம் கால் வைக்க இடமில்லை. அதனால் எங்கள் வீட்டுக்குள் புகுந்து, பின்கதவைத் திறந்து, நேரே கரை விளிம்புக்குப் போய்விட்டார். அங்கே நின்று எட்டி எட்டிப் பார்த்து எழுதினார். கனத்த சரீரம். நோட்டீஸ் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கேயே நின்று நிதானமாகக் குடித்தார்.