திரும்பி வரும் திகதி

ஸ்காபரோ
2024 மே 18

ஆரணியின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நல்ல சுகம். போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடம் சண்டையில் முடிகிறது, இனிக் கடிதம் மட்டும் போதும் என்று போன வருடம் நாங்கள்தானே முடிவெடுத்தோம். அதன்படி எழுதுகிறேன்.

நியூ ஜெர்சியில் என் தங்கச்சி ஜீவராணி புது வீடு குடிபுகுகிறாள். ஜூன் 29 காலை ஆரணியைக் கூட்டிக்கொண்டு காரில் போய், ஜூலை 2 திரும்பி வர இருக்கிறேன். வழியில் அமெரிக்க எல்லை. இரண்டு பேருக்கும் கனடா பாஸ்போர்ட் இருக்கிறது, ஆனால் அது போதாது. மார்கழியில் போனபோது அந்த அதிகாரி எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர் நவரத்தினம், ஆரணியின் பெயருக்குப் பின்னால் உங்கள் பெயர். "இது யாருடைய பிள்ளை?" என்று கேட்டான். எங்கள் ஆட்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயரைத்தான் போடுவோம் என்று சொன்னேன். தலையாட்டினான். பிறகு, "அப்படியென்றால் அந்தத் தகப்பனின் கடிதம் எங்கே?" என்றான். அன்று மனமிரங்கி விட்டுவிட்டான், அடுத்த முறை கடிதம் இல்லாமல் வராதே என்று சொல்லி.

ஆகவே பிள்ளையை என்னோடு எல்லை தாண்ட விடச் சம்மதம் என்று, சமாதான நீதவானின் முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும். உங்கள் அடையாள அட்டைப் பிரதியும் போன் நம்பரும் அதில் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அவர்கள் உங்களுக்குப் போன் எடுத்துக் கேட்பார்களாம். ஆரணிக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை செல்லும்படி எழுதித் தந்தால், ஒவ்வொரு முறையும் உங்களைக் கரைச்சல்படுத்தத் தேவையில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைச் சாப்பாட்டைக் குறையுங்கள்.

யோகேஸ்வரி


வெள்ளவத்தை
2024 ஜூன் 9

அன்பின் யோகா,

உமது கடிதம் கிடைத்தது. முதல் வரியிலேயே நல்ல சுகம் என்று எழுதியிருந்தீர், மிச்சத்தை ஆறுதலாக வாசித்தேன்.

கடதாசி விஷயத்தில் நீர் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர். இருபத்திரண்டு வருடமாகத் துறைமுகத்தில் கப்பல் சாமான் விடுவிக்கும் கிளியரிங் கந்தோரில் ஊரார் கடதாசியில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான். சம்மதக் கடிதத்தை நானே ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே ஒஸ்வால்ட் என்று ஒரு பெரியவர் சமாதான நீதவானாக இருக்கிறார், கந்தோருக்குப் பழக்கமானவர். அவர் முன்னால் கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி, இத்தோடு கூரியரில் அனுப்புகிறேன்.

பதினெட்டு வயது வரைக்கும் எழுதித் தர மாட்டேன். எங்கள் தொழிலில் ஒரு கப்பலுக்கு ஒரு கடதாசிதான். அடுத்த பயணத்துக்கு அடுத்த கடிதம் கேட்டு எழுதும், தருகிறேன். கோபப்படாதையும். இதையும் மொத்தமாகத் தந்துவிட்டால் வேறு எதற்கு நீர் எனக்கு எழுதப் போகிறீர்?

கனடாவுக்கு வாங்கோ என்று நீர் மூன்று வருடம் கேட்டபோது, அங்கே போய் நான் பெட்டி தூக்கவா என்று கேட்டவன் நான்தான். மறக்கவில்லை. ஆரணி போகச் சம்மதம் என்று அன்றைக்கும் நானே கையெழுத்து வைத்தேன். நாலு வயதில் விமான நிலையத்தில் என் இடுப்புக்கு நின்றாள். இப்போது ஒன்பது வயது. நீர் அனுப்பும் படங்களில் முகம் தெரிகிறது, உயரம் தெரிவதில்லை. ஒருநாள் சுவரோடு நிற்பாட்டி அளந்து எழுதும்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. காலி வீதியில் அதே நெரிசல். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரை ரயில் பாதையோடு கல்கிசை வரைக்கும் நடக்கிறேன், கூடக் கதைக்க ஆள் இல்லாததால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுகிறேன்.

அன்புடன்
கிருஷ்ணராஜ்


ஸ்காபரோ
2024 ஜூலை 6

ஆரணியின் அப்பாவுக்கு,

போய் வந்துவிட்டோம். ஜீவராணியின் வீடு பெரிது, உங்களையும் விசாரித்தாள்.

பாலம் தாண்டி எல்லையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதிகாரி உங்கள் கடிதத்தை வாசித்தான். ஓரிடத்தில் விரலை வைத்து என்னிடம் காட்டினான். போகும் திகதி இருந்தது. திரும்பி வரும் திகதி இல்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது. கூரியர் வந்த அன்று நான் முத்திரையையும் கையெழுத்தையும் மட்டும் பார்த்தேன். உங்கள் கடதாசியில் பிழை தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காரை ஓரமாக விடச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டான். எங்களை உள்ளே ஓர் அறையில் இருத்தினார்கள். இரண்டு மணித்தியாலம். ஆரணியைத் தனியே பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், உன்னைக் கூட்டி வந்தது யார், அப்பா எங்கே, திரும்பி எப்போது போவாய் என்று கேட்டார்களாம். அவள் வெளியே வந்தபோது கை சில்லென்று இருந்தது. காதுக்குள் வந்து கேட்டாள்: "அம்மா, அப்பா எங்களைப் பிடிக்கச் சொன்னவரா?"

இல்லை என்றேன். அவள் நம்பினாளோ தெரியாது. அன்றிலிருந்து பாலம் ஒன்றைக் கண்டாலே சீட்டுக்குள் பதுங்குகிறாள்.

பிறகு அந்த அதிகாரி உங்களுக்குப் போன் எடுத்திருக்கிறான். வந்து சாவியைத் தந்தபோது அவன் முகம் மாறியிருந்தது. உங்கள் கணவர் சம்மதம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு, பிள்ளை என்ன உயரம், கண்ணாடி போட்டிருக்கிறாளா, யாரைப் போல நடக்கிறாள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார் என்றான். மேசை விளிம்புக்கு மேலே தலை தெரிகிறது என்று தான் சொன்னதாகவும் சொன்னான். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

உப்புக் கூடியிருக்கிறதோ இல்லையோ என்று நாலு தரம் பார்க்கிற மனிதர் நீங்கள். உங்களுக்கு ஒரு திகதி மறக்குமா? மறதி என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் இனி உங்களிடம் கடிதம் கேட்க மாட்டேன். எல்லை தாண்டவும் மாட்டேன். ஜீவராணி வேண்டுமென்றால் இங்கே வரட்டும்.

ஆரணி நாலு அடி மூன்று அங்குலம்.

யோகேஸ்வரி


வெள்ளவத்தை
2024 ஜூலை 21

அன்பின் யோகா,

மறதி இல்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். நீர் கேட்காமல் விட்டாலும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். கடதாசி முழுக்கச் சரியாக இருந்தால் கந்தோர்க்காரன் முத்திரை குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவான். ஓரிடம் குறைந்தால்தான் போனை எடுப்பான். எந்த இடம் குறைந்தால் சாமானைப் பிடித்து வைப்பான், எந்த இடம் குறைந்தால் கேள்வியோடு விடுவான் என்பது எனக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்தேன். பெட்டிகளுக்கு அது சரி. பிள்ளை பயப்படும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

ஒஸ்வால்ட் அன்றைக்கே கண்டுபிடித்தார். "என்ன ஐசே, திரும்பி வார திகதியப் போடல்லியே?" என்றார். "தெரியும், விடும்" என்றேன். "நான் உம்மட கையெழுத்துக்குத்தான் சாட்சி. மிச்சம் உம்மட பாடு" என்று முத்திரையைக் குத்தினார்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணியிலிருந்து போனை மேசையில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தேன். ரயில் போகும்போது சத்தத்தில் கேட்காமல் போய்விடும் என்று ஜன்னலைச் சாத்தினேன். எட்டு மணியளவில் அடித்தது. அந்த மனிதன் நல்லவன், நாலு நிமிடம் பொறுமையாகப் பதில் சொன்னான். அவளைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சொன்னான், யோகா. ஐந்து வருடத்தில் அந்த நாலு நிமிடம்தான் நான் பிள்ளையின் பக்கத்தில் இருந்தேன். போனை வைத்த பிறகு தனியே இருந்து சிரித்தேன். அந்த நேரம் அங்கே அவளுடைய கை சில்லென்று இருந்திருக்கிறது.

அப்பா பிடிக்கச் சொல்லவில்லை என்று அவளிடம் சொல்லும். அப்பாவுக்கு உன்னைப் பற்றிக் கேட்க ஆசை, அதற்காக ஒரு பிழையான வேலை செய்துவிட்டார் என்று சொல்லும். என்னைக் காப்பாற்றிப் பேச வேண்டாம்.

இத்தோடு ஒரு புதுக் கடிதம் வைத்திருக்கிறேன். 2033 மார்ச் 11 வரைக்கும் செல்லும், அன்றைக்குத்தான் அவளுக்குப் பதினெட்டு. எந்த எல்லையும், எந்த வாகனமும், எந்த நாளும் என்று எழுதியிருக்கிறேன். போவதும் திரும்புவதும் தாயின் விருப்பம் என்றும் எழுதியிருக்கிறேன். உமக்கும் அவளுக்கும் ஏன் பின்பெயர் வேறு என்பதற்கு ஒரு தனிப் பந்தி. அவளுடைய பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பும் என் அடையாள அட்டைப் பிரதியும் பின்னால் குத்தியிருக்கின்றன. இந்த முறை சமாதான நீதவான் மட்டும் போதாது என்று பத்திரம் அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசிடமும் போனேன். ஒஸ்வால்ட் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தரம் வாசித்தார். "இப்ப சரி ஐசே. இதப் பாத்துப்போட்டு ஒருத்தனும் உமக்குப் போன் எடுக்கமாட்டான்" என்றார். ஓம் என்றேன்.

காரிலேயே வைத்துக்கொள்ளும். மழை படாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடும். பயப்படாமல் ஜீவராணி வீட்டுக்குப் போய் வாருங்கள்.

இனி நீர் எனக்கு எழுத வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. தேவை இல்லாமல் எழுதினாலும் வாசிப்பேன்.

கிருஷ்ணராஜ்