தாத்தா தானே செதுக்கிவைத்த வருஷம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல முரண்டு பிடிக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். மற்ற நலமெல்லாம் அப்புறம், சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெயித்துவிட்டோம்டி!

நீ தயாரிக்கிற வம்சாவளியில் என் சின்ன அத்தையைச் சேர்க்கவே கூடாது என்று என் பெரியப்பா மகன், நாம் ஜட்ஜ் என்று கூப்பிடுவோமே அந்த அண்ணன், ஒற்றைக் காலில் நின்றாரே. என் தாத்தாவின் கல்லறையில் அவர் இறந்ததாக இருக்கிற வருஷத்துக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் அத்தை பிறந்திருக்கிறார். ஆஸ்பத்திரிச் சான்றிதழிலோ தாத்தா இறந்தது அதற்கும் அடுத்த வருஷம். நாளும் மாதமும் இரண்டிலும் ஒன்றுதான், வருஷம் மட்டும் இடிக்கிறது. காகிதத்துல ஆயிரம் தப்பு வரும், கல்லு பொய் சொல்லுமா என்று சான்றிதழைத் தள்ளிவிட்டார். தன் அப்பாவுக்கே மகள் இல்லை என்று ஆக்கிவிட்டார்களே என்று அத்தை இந்த வயதில் வாய்விட்டு அழுததை என்னால் தாங்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் அழைத்துக்கொண்டு, பிரஷ்ஷும் வாளியுமாகப் போய் அந்தக் கல்லைத் தேய்த்துக் கழுவினேன். பாசி போனதும் பார்த்தால், பெயரும் வருஷமும் ஆழமாக, மணிமணியாக இருக்கின்றன, நாளும் மாதமும் கோழி கிளறியதுபோல. தாத்தாவே கல்லறைக் கல் செதுக்குகிறவர் அல்லவா, அவர் செய்த கற்கள் அக்கம்பக்கத்திலேயே நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஒன்பதுக்கு, இந்தக் கல்லின் வருஷத்தில் இருக்கிற அதே வளைந்த வால். செத்தவர் எழுந்து வந்தா தன் வருஷத்தைச் செதுக்கினார்? தாத்தா ஒருமுறை சாகக் கிடந்து பிழைத்தவர் என்று என் அப்பா சொன்னதுண்டு, எந்த வருஷம் என்று நாங்கள்தான் கேட்டதில்லை. இந்த வருஷம் தாண்டாது என்று தானே முடிவு கட்டி, தன் பெயரை வேறொருவர் கையில் விட மனசில்லாமல் செதுக்கிவைத்திருக்கிறார், அப்புறம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்! நிஜமாகவே போனபோது பட்டறை ஆட்கள் நாளையும் மாதத்தையும் மட்டும் சேர்த்து நட்டுவிட்டார்கள். முதலாளி வெட்டிய எழுத்தில் கைவைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஜட்ஜ் அண்ணனை அங்கேயே வரவழைத்தேன். தடவித் தடவிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், கடைசியில் அத்தை எதிரில் போய் நின்று, என்னை மன்னிச்சிருங்க அத்தை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீறாப்பு இறங்கினால் மனிதர் நல்லவர்தான், என் செலவுல வருஷத்தைத் திருத்தி வெட்டச் சொல்றேன் என்றார். அத்தை கல்லின்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஒண்ணும் பண்ணாதப்பா, எனக்கு எங்கப்பா முகமே ஞாபகம் இல்ல, அவர் கையெழுத்தாவது இருக்கட்டும் என்றார்.

வம்சாவளியில் சரியான வருஷத்தைப் போட்டு, கல்லில் ஏன் வேறாக இருக்கிறது என்று கீழே மறக்காமல் எழுதிவிடு, நாளைக்கு இன்னொரு ஜட்ஜ் கிளம்புவார். அத்தையின் ஆசியும் எங்கள் ஆசியும் உனக்கு என்றும் துணை.

இப்படிக்கு,
இதையே அப்பாவிடம் பத்துத் தடவை சொல்லியும் அலுக்காத
உன் அம்மா