லோடு ஆகிற நேரம்

அக்டோபர் 11, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வீடெல்லாம் ஈர வாடை.

மாலை ஐந்துக்கு யாழினியுடன் ஆன்லைன் கேம். இந்த வாரமும் சரியில்லை. மகளுக்குப் பன்னிரண்டு வயது, சென்னையில் அவள் அம்மாவோடு. நாங்கள் பிரிந்து மூன்று வருடம். போன் செய்தால் ‘ம்’, ‘சரிப்பா’, ‘வைக்கட்டா’. சனிக்கிழமை கேமில் மட்டும்தான் ஐந்து முதல் ஏழு வரை என்னோடு இருக்கிறாள். சேர்ந்து ஓர் ஊர் கட்டுகிறோம். அவள் பாலம் போடுவாள், நான் கல் சுமப்பேன். ஆபீசிலும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

இருவர் மெஷினிலும் ஊர் முழுதாக லோடு ஆக வேண்டும். ஆனதும் அவரவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக். இரண்டு டிக்கும் இரண்டு திரையிலும் தெரியும். அதன் பிறகுதான் ஆரம்பிக்க முடியும். அவளுக்கு உடனே பச்சை. எனக்கு நாலு நிமிடம். வந்த பிறகும் திக்கித் திணறல்.

“அப்பா, உன் சைடுதான் லேக் ஆகுது, ஸ்லோவா வருது. நீ தண்ணிக்குள்ள நிக்கிற.”

“பாலத்து மேலதானம்மா நிக்கிறேன்.”

“அது உன் ஸ்க்ரீன்ல.”

ஆறேகாலுக்கே போய்விட்டாள். ஹோம்வொர்க்காம். பயமாக இருக்கிறது. இதுவும் போய்விட்டால் எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

வைட்ஃபீல்ட் ஆபீஸ் வரை மெட்ரோவில் நின்றபடியே. கழுத்து வலி.

லஞ்சில் பக்கத்து சீட் கார்த்தியிடம் கேட்டேன். கேமுக்கு எவ்வளவு மெமரி வேண்டும், என்னிடம் இருப்பது எட்டு ஜி.பி.

“எட்டா? அண்ணா, எட்டு ப்ரௌசருக்கே பத்தாது. முப்பத்திரண்டு போடுங்க. கண்ண மூடிட்டுப் போடுங்க.”

நெட்டில் ஒருவன் பதினாறு போதும் என்கிறான், இன்னொருவன் அறுபத்துநாலுக்குக் குறைந்தால் கேவலம் என்கிறான். எல்லோரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிற தோரணை. செப்டம்பர் வரை இதே எட்டில் நன்றாகத்தானே ஓடியது?

வாங்க: பால், பாத்ரூம் பல்பு, தைலம்.

அக்டோபர் 18, சனி

காலையில் பிரேசர் டவுன். கம்ப்யூட்டர் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அதன் மேல். தனி ஆளாக இருந்தாலும் பூஜையை விடவில்லை. எல்லா வயரையும் கழற்றி, உள்ளே வெளியே துடைத்து, பொட்டு வைத்து, பொரி கடலை படைத்தேன்.

ரிப்பேர் கடை சலீம் பாய், கன்னடம் கலந்த தமிழில்: “முப்பத்திரண்டு எதுக்கு சார்? நீங்க என்ன சினிமாவா எடிட் பண்றீங்க? உங்க கேமுக்குப் பதினாறு போதும். சும்னே வாங்கிப் போடாதீங்க.”

இன்னொரு எட்டு போட்டார். தன் மானிட்டரில் மாட்டி ஓட்டிக் காட்டினார். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து மாட்டினால் பழையபடி இழுவை. லோடு ஆக மூன்றரை நிமிடம். டாக்டரிடம் போனால் மட்டும் பல்வலி நின்றுவிடுகிற கதை.

ஒரே ஒரு விஷயம். காத்திருந்த நேரத்தில் அவளாகவே பேசினாள்.

“அதுவரைக்கும் என்ன பண்றது?”

“ஏதாவது சொல்லும்மா.”

“ஒண்ணுமில்ல” என்றாள். பிறகு, “நிலா இப்பல்லாம் லஞ்சுக்கு என் கூட உக்காரறதில்ல.”

நிலா என்று ஒரு தோழி இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலையில் போன். “டிரெஸ் நல்லா இருக்குப்பா. தேங்க்ஸ். வைக்கட்டா?” பதினோரு நொடி. பிறகு தூங்கிவிட்டேன்.

அக்டோபர் 25, சனி

இன்றும் இழுவை. இன்றும் பேச்சு. நிலாவின் தண்ணீர் பாட்டிலை இவள்தான் உடைத்ததாக நிலா நினைக்கிறாளாம். இவள் உடைக்கவில்லையாம். “அம்மாகிட்ட சொல்லல. சொன்னா உடனே மிஸ்ஸுக்குப் போன் பண்ணுவாங்க.” பிறகு, “நீ சமைக்கிறியா, வாங்கிச் சாப்பிடறியா?” மூன்று வருடத்தில் முதல்முறையாகக் கேட்கிறாள். ரசம் வைத்தேன் என்று பொய் சொன்னேன்.

ஆனால் ஆறரைக்கு, “அப்பா, இப்படியே இருந்தா போரடிக்குது. சரி பண்ணுப்பா ப்ளீஸ்.”

அக்டோபர் 29, புதன்

ஆபீசிலிருந்து வந்ததும் சலீம் பாய்க்குப் போன். மெஷின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பிய அடுத்த நிமிடமே அழைப்பு.

“பூஜைக்கு வயரெல்லாம் கழட்டித் தொடச்சீங்களா சார்?”

“ஆமா பாய்.”

“மானிட்டர் கேபிள மேல் ஓட்டைல சொருகியிருக்கீங்க. கீழ இருக்கே, அதுதான் கிராபிக்ஸ் கார்டு. அது ஒரு மாசமா சும்மா உக்காந்திருக்கு. படம் காட்டற வேலையும் மெமரி தலைலதான். வருஷா வருஷம் ஆயுத பூஜை முடிஞ்சா எனக்கு இதே கேஸ்தான் சார்.”

கடையில் அவர் சரியான ஓட்டையில் மாட்டினார். வீட்டில் நான் திரும்பவும் தப்பானதில். பதினாறு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

கேபிளை மாற்றினேன். லோடு ஆக இருபதே நொடி.

நவம்பர் 1, சனி

ராஜ்யோத்சவா, கன்னட மாநிலம் பிறந்த நாள். தெருவெல்லாம் சிவப்பு மஞ்சள் கொடி, ஸ்பீக்கர்.

கேம் பறக்கிறது. ஏழு வரை இருந்தாள். பாலத்தில் பாதி முடிந்தது. இரண்டு மணி நேரப் பேச்சு மொத்தமும்: “கல்லு.” “இந்தப் பக்கம்.” “இன்னும் ரெண்டு.” “ஓகே பை.”

நிலா பற்றிக் கேட்க இடமே கிடைக்கவில்லை.

நவம்பர் 8, சனி

அதே. “கல்லு. கல்லுப்பா. சீக்கிரம்.”

ஏழு மணிக்குப் போனதும் எழுந்து மேஜைக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். கேபிளைப் பிடுங்கி மேல் ஓட்டைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றேன். மகளிடம் பேச நாலு நிமிடம் திருடப் பார்க்கிறேன். வெட்கமாக இருந்தது. கீழேயே சொருகிவிட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

மீட்டிங், மீட்டிங், மீட்டிங். கார்த்தி முப்பத்திரண்டு போட்டாச்சா என்கிறான். பதினாறே அதிகம் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. பல்பு இன்னும் வாங்கவில்லை.

நவம்பர் 15, சனி

குளிர் வந்துவிட்டது. ஸ்வெட்டரில் பூச்சி அரித்த ஓட்டை.

ஐந்து மணி. உட்கார்ந்தேன். அவள் பெயருக்குப் பச்சை. இருபது நொடியில் எனக்கும் பச்சை.

“ஆரம்பிக்கலாமாம்மா?”

“இருப்பா. எனக்கு இன்னும் லோடு ஆகல.”

திரையை இன்னொரு தடவை பார்த்தேன். பச்சைதான். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“நிலா மேட்டர் என்ன ஆச்சுன்னு நீ அப்புறம் கேக்கவே இல்ல.”

“என்னம்மா ஆச்சு?”

சொன்னாள். பாட்டிலை உடைத்தது நிலாவின் தம்பியாம். வியாழக்கிழமை நிலாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாளாம். பேசிக்கொள்ளவில்லையாம், முறுக்கில் பாதி மட்டும் கொடுத்தாளாம். அந்த முறுக்கு, மிஸ், பஸ்ஸில் ஜன்னல் சீட், என் ரசத்தில் பூண்டு உண்டா இல்லையா. இருபத்தைந்து நிமிடம்.

“சரிப்பா, எனக்கு இப்ப லோடு ஆயிடுச்சு. போலாமா?”

“எனக்குத்தான் இன்னும் ஆகலம்மா” என்றேன்.