சூட்டுப்பெட்டியில் தொண்ணூற்றைந்து

நவம்பர் 10, திங்கள்

விடிய முதல் மழை. கோப்பாய்ச் சந்தியில் பஸ் நிற்கவில்லை. நனைந்துகொண்டே ஆய்வுகூடத்துக்கு. கழுவியவை: குடுவைகள், அளவுக்குழாய்கள், இரண்டு வாளி. தரை இரண்டு தரம்.

ஆராய்ச்சி செய்யும் கஜனி அக்கா தொண்டைமானாற்று மீன்களின் செட்டைத் (துடுப்புத்) துண்டுகளைச் சின்னக் குழாய்களில் போட்டு, புரோட்டினேஸ் கே விட்டார். புரதத்தைத் தின்னும் நொதியம். (இனி பு.கே.) ஐம்பத்தாறு பாகைச் சூட்டில் விட்டால் விடியச் செட்டை கரைந்து தண்ணீர்தான் மிச்சம். தரை துடைக்கையில் பார்த்தேன், சூட்டுப்பெட்டியில் 95. அது எல்லாம் கரைந்த பிறகு பு.கே.யைச் சாகடிக்கும் சூடு. அக்கா ஃபோனில். சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ஒரு செட்டையும் கரையவில்லை. ஆய்வுகூடப் பொறுப்பாளர் மிஸ்ஸிடம் அவள், கஜனி அக்கா, சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது. "பு.கே. பழுதாப்போச்சு மிஸ். குளிர்ப்பெட்டி துடைக்கேக்கை உவள் வெளியிலை வைச்சிருப்பாள். படிப்பை விட்டதுகளுக்கு என்ன விளங்கும்?"

பு.கே.யை ஐஸுக்குள் வைத்துத்தான் குளிர்ப்பெட்டியைத் துடைத்தேன். அம்மா படுக்கையில் விழுந்ததால்தான் பத்தாம் வகுப்போடு நின்றேன்.

"நீயோ வெளியிலை வைச்சனி?" மிஸ் கேட்டா. பேசாமல் நின்றேன். நாளை முதல் உள்ளே வரவேண்டாமாம், விறாந்தையும் கக்கூசும் மட்டுமாம். வேலையில் வைப்பதா என்று பிறகு யோசிப்பாவாம்.

நவம்பர் 12, புதன்

கக்கூஸ் மூன்று. பினாயில் முடிந்தது. மழை.

அவள் மேல் கோபம். மிஸ் மேல். எல்லாரையும்விட என் மேல். என்ன, வாய்க்குள் கொழுக்கட்டையா?

நவம்பர் 13, வியாழன்

மிஸ் காரால் இறங்க, முன்னால் போய் நின்றேன்.

"பழுது எண்ட அந்தப் பு.கே.யிலையே ஒரு செட்டைத் துண்டு போட்டு ஐம்பத்தாறிலை வைச்சுப் பாருங்கோ மிஸ். திங்கக்கிழமை சூட்டுப்பெட்டி தொண்ணூற்றைஞ்சிலை கிடந்தது."

"உனக்கு உது எப்பிடித் தெரியும்?"

"குழாய் கழுவுறது நான்தானே மிஸ். எந்தச் சூடு எதுக்கெண்டு நாளும் கேக்கிறன்."

நவம்பர் 14, வெள்ளி

மிஸ் வைத்துப் பார்த்த செட்டை கரைந்துவிட்டது. ஒரு பொட்டும் இல்லை. மிஸ் அவளிடம், "நம்பரைப் பாத்துப் போடும்" என்றா, சிரித்துக்கொண்டு. என்னிடம், அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, சரி உள்ளே வா என்றா. அவ்வளவுதான். மன்னிப்பு? அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றாள்.

"நான் பழுதாக்கேல்லை எண்டு கஜனி அக்கா தன்ரை வாயாலை சொல்லட்டும் மிஸ். பிறகு வாறன்."

இம்முறை விழுங்காமல் முழுதாகச் சொன்னேன்.

மூன்று மணி. அவள் இன்னும் சொல்லவில்லை. நான் விறாந்தையில். உள்ளே கழுவும் தொட்டி நிரம்பி, கழுவாத குழாய்கள் மேசைக்கும் ஏறிவிட்டன.